லைட்டை அணைக்க ஊத்துன எண்ணெய்

போன புரட்டாசியில் கும்பப்பூவுக்குத் தொளி அடிச்சுக்கிட்டு இருக்கும்போது என் டிராக்டர் வயல் நடுவில் நின்னு போச்சு. தொளின்னா தண்ணி கட்டுன வயலைச் சேறாக் குழைக்கிற உழவு. எங்க நாஞ்சில் நாட்டில் வருசத்துக்கு ரெண்டு பூ. சித்திரை வாக்கில் தொடங்குறது கன்னிப்பூ, மழையோட நடுறது கும்பப்பூ. சானலில் தண்ணி வந்தாச்சு, நாற்று முத்துது, நடவுக்கு ஆளும் சொல்லியாச்சு. வண்டி மட்டும் சேத்தில் எருமை மாதிரிக் கிடக்கு. வாடகை வண்டி கிடைக்க ஆறு நாள் ஆச்சு. இஞ்சினைப் பிரிச்சு, கிராங்கைக் கடைஞ்சு, பேரிங் மாத்த அரை லட்சத்துக்கு மேல போச்சு.

இதில் வண்டியைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. அது ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிருச்சு. சூடான பிறகு ஐடிலில் விட்டா ஆயில் லைட் மினுக்கும், ஆக்ஸிலேட்டரைக் கூட்டினா அணையும். ஒரு மெக்கானிக்கிட்ட கேட்டேன். "பழைய இஞ்சின்லா அண்ணாச்சி, கொஞ்சம் கட்டியான ஆயில் ஊத்துங்க, சரியாயிரும்" என்றார். 15டபிள்யூ40 இருந்த இடத்தில் 20டபிள்யூ50 ஊத்தினேன். லைட் அணைஞ்சது. எனக்கு ஒரே சந்தோசம். வண்டி ஓட்டுற தம்பி மட்டும் முணுமுணுத்தான். "லைட்டை அணைச்சாச்சு அண்ணாச்சி. உள்ள என்னன்னு பாத்தியளா?"

நான் பாக்கல்லை.

ஆயில் பிரஷர்னா என்னன்னு எங்க ஊர் வாய்க்காலை வச்சே சொல்லலாம். மடையை முக்கால்வாசி அடைச்சா மேல்பக்கம் தண்ணி நெஞ்சளவு ஏறி நிக்கும். பாக்குறவனுக்கு வாய்க்கால் நிறைஞ்ச மாதிரித் தெரியும். கடைமடை வயல் வெடிச்சுக் கிடக்கும். பம்ப் எண்ணெயைத் தள்ளுது. அது போற வழி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு அழுத்தம் மீட்டரில் ஏறும். பேரிங் தேய்ஞ்சு இடைவெளி கூடினா எண்ணெய் சீக்கிரம் வழிஞ்சிரும், அழுத்தம் இறங்கும். கட்டி எண்ணெய் ஊத்தினா மெதுவா வழியும், அழுத்தம் ஏறும். ஆனா இடைவெளி அப்படியேதான் இருக்கு. கரை உடைஞ்ச வாய்க்காலில் தண்ணிக்குப் பதில் கூழை விட்ட கதை.

அழுத்தம் அளவுக்கு மேல போனா பைப்பும் சீலும் தாங்காது. அதுக்கு ரிலீஃப் வால்வு உண்டு. எங்க குளத்துக்கு மறுகால் மாதிரி. காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியா இருக்கும்போது இது திறந்து, ஒரு பங்கு பேரிங்குக்குப் போகாமலே சம்ப்புக்குத் திரும்பிரும். மீட்டர் உச்சத்தில் இருக்கும்.

1883-இல் இங்கிலாந்தில் பீசாம்ப் டவர்னு ஒரு பொறியாளர் ரயில் பேரிங்கை ஆராய்ச்சி பண்ணினார். மேல எண்ணெய் விட ஒரு துளை போட்டார். அச்சு சுத்தினதும் எண்ணெய் அந்தத் துளை வழியா மேல பொங்கி வந்தது. கார்க்கை வச்சு அடைச்சார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடிச்சார், அதையும் தள்ளிவிட்டது. அச்சைத் தூக்கி நிறுத்துற அழுத்தம், சுத்துற அச்சே எண்ணெய்ப் படலத்தில் உண்டாக்குறதுதான்னு அப்பதான் புரிஞ்சது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதுக்குக் கணக்கு எழுதினார். ஆக, பம்ப்போட வேலை சுத்தமான எண்ணெயைப் போதுமான அளவு பேரிங் வாசல் வரை கொண்டு சேர்க்கிறது. மீட்டர் அந்த வேலைக்குச் சாட்சி மட்டும்தான். நான் அந்தச் சாட்சிக்குக் காசு குடுத்து வாயை மூடிட்டேன்.

சரி, பேரிங் ஏன் தேய்ஞ்சது? இங்கதான் எனக்கு வெக்கம். அதுக்கு முந்தின ரெண்டு தடவையும் ஆயில் மாத்தினேன், ஃபில்டரை மாத்தல்லை. "இன்னும் ஓடும்"னு விட்டேன். மிச்சம் பிடிச்சது ரெண்டு ஃபில்டர் காசு, 600 ரூபாய்.

ஃபில்டர் அடைச்சா இஞ்சின் எண்ணெய் இல்லாம எரிஞ்சுரக் கூடாதுன்னு பைபாஸ் வால்வு வச்சிருக்காங்க. அடைப்பு கூடினா அது திறந்து, எண்ணெயை வடிகட்டாமலே அனுப்பும். மடையில் சண்டு அடைச்சா வரப்பை வெட்டி விடுற மாதிரி. வண்டி ஓடும், ஆனா கரியும் இரும்புத்தூளும் நேரா பேரிங்குக்குப் போகும். கட்டி எண்ணெய் ஊத்தினா அது ஃபில்டர் தாளில் இன்னும் சிரமப்பட்டுத்தான் நுழையும், பைபாஸ் இன்னும் சீக்கிரம் திறக்கும். ஃபில்டரில் செஞ்ச தப்பை மறைக்க ஊத்துன எண்ணெய், அந்தத் தப்பையே பெருசாக்கிருச்சு.

கட்டி எண்ணெய் எப்பவுமே தப்புன்னு சொல்லல்லை. டப்பாவில் டபிள்யூவுக்கு முன்னால உள்ள எண் குளிருக்கு, பின்னால உள்ளது சூட்டுக்கு. 100 டிகிரியில் 40-ஆம் எண் எண்ணெயோட பாகுத்தன்மை 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள இருக்கணும். 50-ஆம் எண்ணுக்கு 16.3-லிருந்து 21.9. எந்த ஊர் வெயிலுக்கு எந்த எண்ணுன்னு கையேட்டில் அட்டவணை இருக்கும். அதுக்குள்ள மாத்தினா சரி. லைட்டுக்குப் பயந்து மாத்துறதுதான் தப்பு.

எண்ணெய் நீர்த்துப் போனாலும் அழுத்தம் இறங்கும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் குறையவே இல்லை, கூடுதுன்னு எங்க ஆளுக பெருமையாச் சொல்லுவாக. கூடினா பயப்படணும். பெரும்பாலும் டீசல் கசிஞ்சு கலக்குதுன்னு அர்த்தம்.

சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து இதை வாசிக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். உங்க கார் டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு சிவப்பு லைட் உண்டு. ஓடும்போது அது எரிஞ்சா, வீடு போய்ப் பாக்கலாம்னு நினைக்காதீங்க. அழுத்தம் ரொம்ப இறங்கின பிறகுதான் அது எரியும். ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்துங்க. எண்ணெய் அளவு சரியா இருந்தும் எரிஞ்சா, தனி மீட்டர் மாட்டி, சூடான இஞ்சினில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்க. அளக்காம "கட்டி ஆயில் ஊத்துவோம்"னு சொல்றவரை நம்பாதீங்க. சர்வீஸுக்கு விட்டா, கழற்றின பழைய ஃபில்டரைக் கண்ணில் காட்டச் சொல்லுங்க.

இப்ப நான் 250 மணி நேரத்துக்கு ஒருக்க ஆயிலும் ஃபில்டரும் சேர்த்தே மாத்துறேன். தேதியும் மணிக்கணக்கும் மட்கார்டில் பெயின்ட்டால எழுதி வச்சிருக்கு. தம்பிதான் எழுதினான். அடுத்த தேதி வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே நினைவு படுத்துறான். இந்தத் தடவை நான் கேட்டுக்கிடுறேன்.