நார்மலா, ஆபரேஷனா? தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன் ஆவது ஏன்?

திருச்சி பாலக்கரையில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்த சேதி வந்தால், "ஆணா, பொண்ணா?" என்பதற்கு அடுத்து வரும் கேள்வி "நார்மலா, ஆபரேஷனா?" என்பதுதான். "நார்மல்" என்றால் கேட்பவர் முகத்தில் ஒரு நிம்மதி. "ஆபரேஷன்" என்றால் "அச்சச்சோ" என்று ஒரு இழுப்பு, அதோடு "எந்த ஆஸ்பத்திரி?" என்று ஒரு சந்தேகம்.

ஆனால் அந்த "அச்சச்சோ" இப்போது கிட்டத்தட்ட பாதி வீடுகளுக்குப் பொருந்தும். 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்தியாவின் சராசரி 21.5 சதவீதம்தான். அதற்கு முந்தைய ஆய்வில் (2015-16) தமிழ்நாட்டின் அளவு 34.1 சதவீதமாக இருந்தது. ஐந்தாறு வருஷத்தில் 10 புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது.

இவ்வளவு பெண்கள் கத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்களா? இல்லை, அவர்களுக்காக வேறு யாரோ தேர்ந்தெடுக்கிறார்களா?

'சுகம்' என்ற சொல்லே ஒரு பக்கம் சாய்கிறது

தமிழில் இரண்டு பிரசவத்துக்கும் சமமான பெயர் கிடையாது. ஒன்று சுகப்பிரசவம், இன்னொன்று ஆபரேஷன். பெயரிலேயே ஒன்று ஜெயித்துவிடுகிறது. 18 மணி நேரம் வலியில் துடித்து, தையல் போட்டு, உட்கார முடியாமல் இரண்டு வாரம் கிடந்தாலும் அது சுகப்பிரசவம்தான்.

திருச்சியில் இதற்கு ஊர்க்கதையே உண்டு. காவிரியில் வெள்ளம் வந்து தாயால் அக்கரையிலிருந்து வர முடியாமல் போக, பிரசவ வலியில் இருந்த ரத்னாவதி என்ற பெண்ணுக்குச் சிவனே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது மலைக்கோட்டைக் கோயில் தலபுராணம். அதனால்தான் சாமிக்குத் தாயுமானவர் என்று பெயர். நல்லபடியாகக் குழந்தை பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வாழைத்தார் கொடுப்பவர்கள் இன்றும் அங்கே வருகிறார்கள். பாலக்கரை சகாய மாதா பசிலிக்காவிலும் இதே வேண்டுதலோடு மெழுகுவர்த்தி ஏற்றப்படுகிறது.

தாயுமானவர் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் இருக்க ஒரு ஆள். பிரசவம் எந்த முறையில் நடந்தது என்பது கதையின் அக்கறையே இல்லை. இன்றைய பிரசவ வார்டில் அதிகம் விட்டுப்போவதும் அந்த ஆள்தான். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

'காசுக்காகத்தான்' என்பது எவ்வளவு உண்மை?

தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லும் பதில் இது: "பிரைவேட்ல பில் ஏத்தறதுக்காக கிழிச்சிடறாங்க." எண்களில் இதற்கு ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். தெலங்கானாவில் தனியார் அளவு 81.5 சதவீதம். ஒரே மாநிலப் பெண்களின் உடம்பு, மருத்துவமனை வாசலைப் பொறுத்து இவ்வளவு மாறிவிடாது.

சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் தமிழ்நாட்டையும் சத்தீஸ்கரையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு இன்னும் சங்கடமான ஒன்றைக் காட்டியது. சத்தீஸ்கரில் வசதியானவர்களுக்கே சிசேரியன் நடக்க வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைக்குப் போகும் ஏழைப் பெண்களுக்குத்தான் அந்த வாய்ப்பு அதிகமாக இருந்தது. கடன் வாங்கி, நகையை அடகு வைத்து பிரைவேட்டுக்குப் போனவர்கள் இவர்கள்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிரசவம் அரசு மருத்துவமனைகளில் நடக்கிறது. அதில் 36 சதவீதம் என்று கணக்குப் போட்டால், மாநிலத்தின் மொத்த சிசேரியனில் பாதிக்கு மேல் அரசு மருத்துவமனைகளில்தான் நடந்திருக்கிறது. அங்கே ஆபரேஷன் செய்தால் டாக்டருக்குச் சம்பளம் கூடுவதில்லை. பிறகு ஏன்?

புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகளை எடுத்துக்கொண்டால், ஆரம்ப சுகாதார நிலையங்களில் சமாளிக்க முடியாத கேஸ்கள் அங்கேதான் வந்து சேரும். அது ஒரு காரணம். ஆனால் மாநிலம் முழுவதற்குமான 36 சதவீதத்தை அது விளக்காது, ஏனென்றால் அந்தக் கணக்கில் அனுப்பிய இடமும் சேர்ந்தே இருக்கிறது.

நேரம் இன்னொரு காரணம். முதல் பிரசவ வலி 12 மணி நேரம், அதற்கு மேலும் போகலாம். அவ்வளவு நேரமும் ஒருவர் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நர்ஸ், வலியில் பல பெண்கள் என்று இருக்கும் வார்டில் அது நடக்காது. ஆபரேஷன் என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மூன்றாவது, பயம். தாயோ சேயோ இறந்தால் விசாரணை, உறவினர்கள் முற்றுகை, சில சமயம் டாக்டர் மீது கைவைப்பது வரை போகிறது. "ஏன் சீக்கிரம் ஆபரேஷன் பண்ணலை?" என்று கேட்டு நடந்த சண்டைகள் ஏராளம். "ஏன் பண்ணீங்க?" என்று யாரும் ஆஸ்பத்திரி கண்ணாடியை உடைத்ததில்லை. டாக்டர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

'கொடி சுத்தியிருக்கு': டாக்டர் சொல்லும் காரணங்களுக்கு என்ன அர்த்தம்?

சிசேரியன் ஆன பெண்களிடம் ஏன் என்று கேட்டால் வரும் பதில்கள் ஊருக்கு ஊர் ஒன்றாகவே இருக்கும். கொடி சுத்திக்கிச்சு. தண்ணி கம்மியாயிடுச்சு. குழந்தை உள்ளேயே மலம் போயிடுச்சு. தலை இறங்கலை. இடுப்பு எலும்பு பத்தலை.

இதில் கொடி சுற்றுவது ரொம்பச் சாதாரணம். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு கழுத்தில் கொடி சுற்றியிருக்கும், பெரும்பாலானவை நல்லபடியாகவே பிறக்கின்றன. ஸ்கேனில் கொடி சுற்றியிருப்பது தெரிந்தது என்பது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. வலியின்போது குழந்தையின் இதயத்துடிப்பு விழுந்து, மறுபடி ஏறாமல் இருந்தால் அது வேறு விஷயம். மலம் கலந்த பனிக்குட நீரும் இதே மாதிரிதான். இதயத்துடிப்பு சரியாக இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி.

"இடுப்பு எலும்பு பத்தலை" என்பதை வலி வருவதற்கு முன்பே சொன்னால் கொஞ்சம் யோசிக்கலாம். குழந்தையின் தலையும் தாயின் இடுப்பும் பொருந்துமா என்பது பெரும்பாலும் வலி வந்து, வாய் திறந்து, தலை இறங்க முயலும்போதுதான் நிச்சயமாகத் தெரியும். ஆள் குள்ளம் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

அதே நேரம், தயங்கவே கூடாத காரணங்களும் உண்டு. நஞ்சு கருப்பை வாயை முழுக்க மூடியிருப்பது, குழந்தை குறுக்கே கிடப்பது, கொடி முன்னால் நழுவி வெளியே வருவது ஆகியவற்றில் "கொஞ்ச நேரம் பார்க்கலாமே" என்று குடும்பம் பேரம் பேசினால் உயிர் போகலாம். சிசேரியன் இல்லாத காலத்தில் இப்படிப்பட்ட பிரசவங்களில் தாயோ சேயோ பலர் பிழைத்ததில்லை. "எங்க பாட்டி வீட்டுலயே பத்து பெத்தா" என்று பெருமை பேசும்போது, அந்தப் பத்தில் எத்தனை தங்கின, பக்கத்து வீட்டில் எத்தனை பாட்டிகள் பிரசவத்திலேயே போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்ற ஒரு குடும்பத்தில், பள்ளி ஆசிரியையான தாய் ரத்தப்போக்கில் உயிரிழந்தார். குழந்தை பிழைத்தது. 'சுக'த்தின் மீது உள்ள ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்தச் சம்பவம் இன்னமும் நினைவில் இருக்கிறது.

பெண்களே கேட்கிறார்களா?

கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை "வலி தாங்க மாட்டாத இந்தக் காலத்துப் பொண்ணுங்க" என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் பயப்படுவது வெறும் வலிக்கு மட்டுமல்ல. வலியில் கத்தினால் வார்டில் கிடைக்கும் திட்டுக்கும்தான். வலி குறைக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி பெரும்பாலான இடங்களில் கேட்டாலும் கிடைப்பதில்லை. வலிக்கு மருந்தும் இல்லை, ஆறுதலுக்கு ஆளும் இல்லை என்றால் ஒரு பெண் "வயித்தைக் கிழிச்சு எடுத்துடுங்க" என்று சொல்வதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

பிரசவ அறையில் உடன் ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற திட்டத்தை அரசு மருத்துவமனைகளில் முதலில் கொண்டுவந்த மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. வலி நேரம் முழுக்க ஒரு துணை இருந்தால் சிசேரியன் தேவைப்படுவது குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்து செலவில்லாத வைத்தியம் இது. ஆனால் கூட்டம் நிரம்பி வழியும் வார்டுகளில் அம்மாவையோ மாமியாரையோ வெளியே நிற்கச் சொல்வதுதான் இன்றும் பல இடங்களில் வழக்கம்.

குடும்பத்துக் கணக்குகளும் உண்டு. இரண்டாவது குழந்தையின் சிசேரியனோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் முடித்துக்கொள்வது தமிழ்நாட்டில் பழகிப்போன ஏற்பாடு. ஜோசியர் குறித்த நேரத்தில் பிறக்க வைப்பதும் நடக்கிறது. நட்சத்திரத்துக்காக 39 வாரம் நிறைவதற்கு முன்பே குழந்தையை எடுத்தால், மூச்சுத் திணறலோடு அது பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யு.வில் கிடக்கும் வாய்ப்பு கூடும். அந்த ஜாதகத்தை யார் பார்ப்பது?

முதல் பிரசவச் செலவு பெண் வீட்டாருடையது என்ற வழக்கம் இருக்கும் வரை, "நார்மலா, ஆபரேஷனா?" என்பது இரண்டு சம்பந்தி வீடுகளுக்கு நடுவே பணக் கேள்வியாகவும் இருக்கும்.

எத்தனை சதவீதம் சரி?

1985ல் உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் சிசேரியன் போகத் தேவையில்லை என்றது. இன்றும் பலர் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2015ல் அதே நிறுவனம், மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் போனால் மரணங்கள் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்றது. ஆனால் குறிப்பிட்ட சதவீதத்தை எட்டுவதை விட, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைப்பதே முக்கியம் என்றும் சொன்னது.

குறைவாக இருப்பதும் நல்லதல்ல. பீகாரில் மொத்த அளவு 9.7 சதவீதம், பார்க்க அழகான எண். ஆனால் அங்கே அரசு மருத்துவமனைகளில் 3.6 சதவீதம்தான். தேவைப்படும் ஏழைப் பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை என்று அர்த்தம். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு பீகாரில் 118 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். தமிழ்நாட்டை விடச் சிசேரியன் குறைவாக உள்ள கேரளத்தில் 19 பேர்தான். சிசேரியன் கூடினால் தாய்மார்கள் பிழைப்பார்கள் என்பதும் அப்படியே உண்மையில்லை.

நார்மலை வற்புறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் பாடம் இருக்கிறது. ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு மருத்துவமனைகள் பற்றிய ஓக்கெண்டன் அறிக்கை 2022 மார்ச்சில் வந்தது. சரியான கவனிப்பு கிடைத்திருந்தால் 201 குழந்தைகள் பிழைத்திருக்கலாம் என்றது. குறைவான சிசேரியன் என்று பெயர் வாங்கிய இடம் அது. அதே ஆண்டு, சிசேரியன் சதவீதத்தை வைத்து மருத்துவமனைகளை மதிப்பிடுவதையே அங்கே நிறுத்தச் சொன்னார்கள்.

முதல் ஆபரேஷன்தான் முக்கியம்

சிசேரியனின் பெரிய விலை பெரும்பாலும் அடுத்த பிரசவத்தில்தான் தெரியும். கருப்பையில் தழும்பு இருக்கும்போது, அடுத்த நஞ்சு அதிலேயே வேர்விட்டு ஒட்டிக்கொள்ளலாம். பிரித்தெடுக்க முடியாமல் கருப்பையையே அகற்ற வேண்டிய நிலை வரும். சிசேரியன் எண்ணிக்கை கூடக்கூட இந்த ஆபத்தும் ஏறும். நார்மல் பிரசவத்துக்கும் விலை உண்டு: தசை கிழிதல், பிற்காலத்தில் கருப்பை இறங்குதல், சிறுநீரை அடக்க முடியாமை. இவற்றை வெளியே சொல்லப் பெண்கள் கூச்சப்படுவதால் கணக்கில் வருவதில்லை.

"ஒரு தடவை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்தான்" என்பதும் முழு உண்மையில்லை. தகுந்த பெண்களில் முயன்று பார்ப்பவர்களில் 100க்கு 70 பேருக்கு மேல் நார்மல் ஆகிறது. பழைய தழும்பு பிரியும் ஆபத்து சுமார் 200ல் ஒன்று. ஆனால் அப்படி ஆனால் சில நிமிஷத்தில் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் எல்லாம் தயாராக வேண்டும். தெருமுனை நர்சிங் ஹோம் அதற்கு மறுத்தால் அது பேராசை அல்ல, எச்சரிக்கை. பெரிய ஆஸ்பத்திரி மறுத்தால் காரணம் கேட்கலாம்.

கேட்கும் உரிமை யாருக்கு என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கணவர் கையெழுத்துதான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2008ல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயார் தந்த சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணின் சம்மதம் அவருடையது மட்டுமே.

2017ல், சிசேரியன் எண்ணிக்கையை மருத்துவமனைகள் வெளியிட வேண்டும் என்று மும்பையைச் சேர்ந்த சுபர்ணா கோஷ் தொடங்கிய இணைய மனுவுக்குப் பெரிய ஆதரவு கிடைத்தது. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் அதைப் பார்வையில் வைக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. வெறும் சதவீதத்தை விடப் பயனுள்ளது, கர்ப்பிணிகளைப் பத்து வகையாகப் பிரித்துப் பார்க்கும் ராப்சன் முறை. முதல் குழந்தை, நிறைமாதம், தலை கீழே, வலி தானாக வந்தது என்று எந்தச் சிக்கலும் இல்லாத வகையில் ஒரு ஆஸ்பத்திரி எத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015ல் பரிந்துரைத்த முறை இது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷனுக்கான காரணமும், கருப்பையில் எந்தப் பக்கமாக வெட்டினார்கள் என்பதும் எழுதியிருக்கிறதா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். அடுத்த பிரசவத்துக்கு எந்த டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் தேடுவது அந்த இரண்டு வரியைத்தான்.