பீலி சூட்டிய கல்

தருமபுரிப் பிரதேசத்தின் ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் ஆளுயரத்துக்கும் குறைந்த பலகைக் கற்கள் நிற்பதையும், வில்லும் வாளும் ஏந்திய ஒருவனின் உருவம் அவற்றில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருப்பதையும், ஊரார் அவற்றுள் பலவற்றை வேடியப்பன் என்று பூஜித்து வருவதையும் அப்பக்கம் சென்றவர்கள் கண்டிருப்பார்கள். ஆநிரை மீட்கும் பூசலில் மாண்டவனுக்கும், புலியோடு பொருது வீழ்ந்தவனுக்கும் உற்றார் எடுத்த நடுகற்கள் இவை. தருமபுரி நகரின் அகழ்வைப்பகத்திலும் சிலவற்றைக் காணலாம்.

கல் நடுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறைகளாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. மலைக்குச் சென்று தகுந்த கல்லைத் தேடிக் காண்பதும், அதைக் கொணர்ந்து நீராட்டுவதும், நட்டுப் படையலிட்டு வாழ்த்துவதும் ஒரு நாளில் முடியும் காரியமல்ல. துக்கத்தில் செயலற்றுப்போன ஒரு குடும்பத்தை மலையும் ஆறும் மண்ணுமாகிய இயற்கையினிடம் படிப்படியாக அழைத்துச் சென்று, கைகளுக்கு வேலை கொடுத்து, ஊராரையும் துணைக்குச் சேர்த்த அந்தக் கிரமத்தை ஏற்படுத்தியவர்கள் மனித சுபாவத்தை ஆழ்ந்து அறிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. என் தம்பி மறைந்த மாதங்களில் ஆறுதல் மொழி எதுவும் என் செவியில் ஏறவில்லை. அவனுக்காக ஏதேனும் செய்யவேண்டும் என்று கைகள்தாம் தவித்தன.

அயலிலுள்ள செங்கம் வட்டாரத்து எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லொன்றில், மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் இடம்பெற்றிருக்கிறது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். கள்வர் இருவரைக் கடித்து அது காத்து நின்றதென்று எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அரசனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் அதே கல்லில் ஒரு நாயின் பெயரையும் மறவாது வெட்டச் சொன்ன மனம் எத்தனை காருண்யம் உடையது! இழந்தவனை மட்டுமா, அவன் நேசித்த பிராணியையும் அல்லவா அவர்கள் காப்பாற்றி வைத்தார்கள்!

எனினும் இந்தச் சிரத்தையெல்லாம் சோகத்தை அடியோடு போக்கிவிடும் என்று நான் சொல்லத் துணியேன். தகடூர் என்று அன்று வழங்கிய இதே தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின், அவனுடைய நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் வார்த்தபோது, மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் ஏற்காதவன் இதை ஏற்பானோ என்று ஔவையார் கலங்கியதைப் புறநானூற்றின் 232-ஆம் பாட்டு தெரிவிக்கிறது. பீலி சூட்டியது வீண் என்று அவர் கூறவில்லை. அவனுக்கு அது போதாது என்று வருந்துகிறார், வருந்தியதைப் பாட்டாகவும் செய்துவிடுகிறார். கலையில் ஈடுபட்டால் துயரம் தீர்ந்துவிடும் என்று இக்காலத்தில் உறுதிமொழி கூறுவோரைவிட, ஔவையாரையே நான் நம்புகிறேன்.