இடைவெளியும் ஓர் எழுத்தே

கணினியில் தமிழைக் கையாள்வோரிடையே ஒரு கருத்து கேள்வியின்றி நிலவிவருகிறது. இடைவெளி என்பது எழுத்தில்லாத இடம், அது எங்கும் ஒன்றே. திரையில் ஒன்றுபோல் தெரியும் இரு சொற்கள் ஒரே சொல்லே. கண்ணுக்குத் தெரியாத சிறப்புக் குறிகள் பிறமொழிகளுக்காக ஏற்பட்டவை. ஆகவே அவை தட்டுப்பட்டால் ஒட்டுமொத்தமாக நீக்கிவிடுவதே முறை என்பது அக்கருத்து. இந்நான்கு கூற்றுகளில் எதுவும் ஆய்வுக்கு நிற்பதில்லை. நான்காவதைப் பின்பற்றினால் தமிழ் உரையே சிதையும்.

முதலாவது, இடைவெளி எங்கும் ஒன்றே என்னும் கூற்று. கணினி எந்த எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. அவ்வெண் குறியெண் எனப்படும். விசைப்பலகையின் நீண்ட விசை தரும் இடைவெளிக்குக் குறியெண் 32. அதைப் போலவே வெறுமையாகத் தெரியும் மற்றோர் இடைவெளிக்குக் குறியெண் 160. இதன் இருபுறமும் உள்ளவை ஒரே வரியில் நிற்க வேண்டும் என்னும் கட்டளையைத் தாங்கியிருப்பதால் இதனைப் பிரியா இடைவெளி எனலாம். ‘ரூ. 500’ என்பதில் ரூபாய்க் குறி ஒரு வரியிலும் தொகை அடுத்த வரியிலும் விழாமலும், முன்னெழுத்து பெயரைவிட்டுப் பிரியாமலும், வில்லியனூரின் அஞ்சல் எண்ணான ‘605 110’ இரண்டாக உடையாமலும் காப்பது இதுவே.

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் வழியிலுள்ள மூலக்குளத்தின் பெயரையே எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். ‘மூலக்குளம்’ படிப்பவருக்கு 6 எழுத்து. உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணும் ஒருங்குறியில் 10 குறியெண்கள். யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டாக மொத்தம் 30 பைட்டு. பெயரின் இறுதியில் சாதாரண இடைவெளி ஒட்டிக்கொண்டால் 31, பிரியா இடைவெளி ஒட்டிக்கொண்டால் 32. திரையில் மூன்றும் ஒன்றே எனினும், எக்செல் பட்டியலில் ஊர்வாரியாகப் பிரிக்கும்போது ஒரே ஊர் இரண்டு ஊராக நிற்கக்கூடும். மிகுதியான இடைவெளிகளை வெட்டும் ‘ட்ரிம்’ என்னும் கட்டளை 32ஐ நீக்குமேயன்றி 160ஐத் தொடுவதில்லை என்பதால், பட்டியல் துப்புரவாகிவிட்டது என்று நம்பியவரின் கையிலும் பிழை தங்கிவிடுகிறது. இணையப் பக்கங்களை வடிவமைப்போர் 160ஐப் பரவலாகப் பயன்படுத்துவதால், அங்கிருந்து நகலெடுத்து ஒட்டும்போதே அது கூடவே வந்துவிடுகிறது.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாயின் கணினிக்கும் ஒன்றே என்னும் கூற்று. ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்தை ஔகாரமாகத் தட்டினால் அது 2964 என்னும் ஒரே குறியெண். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் 2962, 2995 என இரண்டு. ஒருவகையில் தேடுபவருக்கு மற்றவகையில் எழுதப்பட்ட ஔவையார் அகப்படுவதில்லை. ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணும் எகரமும் உருவில் ஒத்திருந்தும் முறையே 3053, 2958 என வேறுபடுகின்றன. ஒகர உயிர்க்குறியோ 3018 என ஒன்றாகவும், 3014, 3006 என இரண்டாகவும் எழுதப்படலாம். இவ்விரண்டும் சமம் என்று ஒருங்குறியே விதித்திருப்பதால், இயல்பாக்கம் என்னும் செயல்முறையால் அவற்றை ஒன்றாக்க முடியும். ஔகாரத்துக்கு அந்த வழி இல்லை. ஏனெனில், ஒகரமும் ளகரமும் உண்மையிலேயே சேர்ந்து வரும் ‘ஒளி’ போன்ற சொற்கள் தமிழில் இருக்கின்றன.

மூன்றாவது, இக்குறிகள் தமிழுக்கு அயலானவை என்னும் கூற்று. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே கலந்து உருவாக்கிய திஸ்கி என்னும் குறியாக்கத்தில் ஆகாரம் 172இலும் இகரம் 173இலும் ஈகாரம் 174இலும் வைக்கப்பட்டன. ஐரோப்பிய மொழிகளுக்கான தரத்தில் 173 என்பது வரியின் இறுதியில் சொல் உடைந்தால் மட்டும் தோன்றும் மென்கோடு. அத்தரத்தைப் பின்பற்றிய மென்பொருள்கள் இகரத்தை மறைத்துவிடும் நிலை ஏற்பட, அதற்கு 254ஆம் இடமும் தரப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றைக் கருதாமல் விட்டதன் விலையாகத் தமிழின் உயிரெழுத்தொன்று வேறிடம் தேட நேர்ந்தது. இன்றும் ‘ரிக்‌ஷா’ என்னும் சொல்லில் ககர மெய்யும் ஷாவும் பிணைந்து ‘ரிக்ஷா’ ஆகாமல் தனித்து நிற்பது, இடையில் 8204 என்னும் அகலமற்ற பிரிப்பான் இருப்பதாலேயே. புதுச்சேரிக்குப் பிரியா இடைவெளி இன்னும் நெருக்கமானது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தத்தால் பிரெஞ்சும் இங்கு ஆட்சிமொழியாகத் தொடர்கிறது. பிரெஞ்சு அச்சு மரபோ கேள்விக்குறி, வியப்புக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றின் முன் பிரியா இடைவெளியைக் கேட்கிறது. தமிழும் பிரெஞ்சும் ஒரே தாளில் அமையும் ஊரில் அக்குறியை அயலானது எனத் தள்ளுவது பொருந்தாது.

நான்காவது, எல்லாவற்றையும் நீக்குவதே தீர்வு என்னும் கூற்று. வேண்டாத இடத்தில் புகுந்த குறி தீங்கு செய்யும் என்பது உண்மையே. நீக்குவது மருந்து என்பதே பிழை. 160ஐ அப்படியே அழித்தால் ‘வில்லியனூர் கொம்யூன்’ ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். ‘ஒள’ என வந்த இடமெல்லாம் ஔகாரமாக மாற்றினால் ஒளி உருக்குலையும். இவற்றினும் பெரிய கேடு, எழுத்தல்லாத அனைத்தையும் களையும் நிரல்களால் விளைவது. ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறிகளும் ‘எழுத்து’ என்னும் வகையில் அல்லாமல் ‘குறி’ என்னும் வகையில் வைக்கப்பட்டிருப்பதால், அத்தகைய நிரலிடம் மூலக்குளத்தைக் கொடுத்தால் அது ‘மலககளம’ என்றே திரும்பும்.

செய்யத்தக்கது வேறு. பெயர்ப்பட்டியலில் 160ஐ 32ஆக மாற்றியபின் ட்ரிம் செய்ய வேண்டும். அச்சுக்குச் செல்லும் உரையில் அதைக் காக்க வேண்டும். சேமிப்பதற்கு முன் இயல்பாக்க வேண்டும். 8204ஐ உரையில் விட்டுவைத்துத் தேடும்போது மட்டும் பொருட்படுத்தாதிருக்க வேண்டும். இவற்றைச் செய்யத் தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. வெறுமையாகத் தெரியும் இடத்திலும் ஓர் எண் இருக்கிறது என்னும் அறிவு போதும். அந்த அறிவோடு தொகுத்த பட்டியலில் மூலக்குளத்தார் அனைவரும் ஒரே ஊரின் கீழ் இருப்பார்கள்.