சிரங்கு மருந்து வீடு முழுவதற்கும் வேண்டும்

தாராவியில் ஒரு பிள்ளைக்குச் சிரங்கு கண்டால் களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். ஆறுகிறது. அடுத்த மாதம் மறுபடியும் வருகிறது. "உடம்புச் சூடு" என்கிறார் பாட்டி. "மும்பைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பிள்ளையை ஊருக்கு அனுப்புகிற பெற்றோரும் உண்டு. பாவம், தண்ணீர் என்ன செய்யும்?

சொறி சிரங்குக்குக் காரணம், தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் ஒரு நுண்ணிய பூச்சி. ஒட்டிப் படுப்பதால் இது பரவுகிறது. முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அவரே பிறருக்குக் கொடுத்துவிடுவார். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும்போது, சொறிகிற பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசி என்ன பயன்?

அரிப்பு இல்லாதவர் உள்பட வீட்டார் அனைவரும் ஒரே இரவில் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டே பூச வேண்டும். துணிகளை வெந்நீரில் துவைக்கச் சொல்வது எளிது. குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும் சந்தில் அது நடக்கிற காரியமா? துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்தாலும் போதும். அதன் பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும். அதற்காகத் தினமும் களிம்பு பூசக் கூடாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், பூச்சியைக் கொல்லாது. 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-ம் ஆண்டில் மத்திய அரசு உத்தரவிட்டது. சீட்டு கேட்கிற கடைகள் எத்தனை?

சொறிந்த புண் சீழ் வைத்தால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். பிள்ளையின் முகம் வீங்கினாலோ, சிறுநீர் சிவந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ம் ஆண்டிலேயே சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆறு பேருக்கு இரண்டு முறை களிம்பு வாங்குவது தினக்கூலிக்காரருக்குச் சின்னச் செலவல்ல. எல்லாரும் ஒருநாள் கூலியை விட்டு வரிசையில் நிற்கவும் முடியாது. பிள்ளையைக் காட்ட வரும் தாயிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, அத்தனை பேருக்கும் மாநகராட்சி மருந்தகம் களிம்பு கொடுத்தனுப்ப வேண்டும். மருந்து பூசிய மறுநாளே பள்ளிக்கூடமும் அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.