கேம் ஸ்கின் ஆப்: டிசைன் உங்களுடையது, காசு யாருடையது?

பிளே ஸ்டோரில் 'ஸ்கின் மேக்கர்' என்று தட்டிப் பாருங்கள். மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ், ஃப்ரீ ஃபயர் என்று ஒவ்வொரு கேமின் பெயரையும் சொல்லி ஆப்கள் வரிசையாக வந்து நிற்கும். செம்பூர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து உங்கள் போனை நோண்டும் அக்கா பையன் அதில் ஒன்றையாவது ஏற்கெனவே இறக்கியிருப்பான். "நானே டிசைன் பண்றேன் மாமா", "இதுல காசும் பார்க்கலாம்" என்று இரண்டு விஷயம் சொல்லியிருப்பான். முதல் விஷயம் பாதி உண்மை. இரண்டாவதற்கு ஒரு கால்குலேட்டர் வேண்டும்.

ஸ்கின் என்பது கேமில் கதாபாத்திரத்தின் தோற்றம். மைன்கிராஃப்டில் அது 64-க்கு 64 பிக்சல் அளவுள்ள ஒரு சின்னப் படம்தான். மொத்தம் 4,096 கட்டங்கள். முகம், முதுகு, கை, கால் எல்லாவற்றையும் வெட்டித் தட்டையாக விரித்த மாதிரி இருக்கும். தையல் தெரிந்தவர்கள் பார்த்தால் 'இது கட்டிங் பேட்டர்ன்தானே' என்பார்கள். ஆப் செய்வதெல்லாம் அந்தப் பேட்டர்னில் நிறம் தீட்ட உதவுவது. முடித்ததும் ஒரு பிஎன்ஜி ஃபைல் கிடைக்கும், கேமில் ஏற்றிக்கொள்ளலாம். கேம் நிறுவனமே இதற்கு வழி வைத்திருக்கிறது. ரோப்லாக்ஸிலும் கதை இதேதான்: 585-க்கு 559 பிக்சல் டெம்ப்ளேட்டில் சட்டை வரைந்து ஏற்றலாம். ஆனால் ஒவ்வொரு சட்டையை ஏற்றவும் 10 ரோபக்ஸ் கட்டணம் உண்டு. ரோபக்ஸ் என்பது அந்தத் தளத்தின் உள்நாணயம், காசு கொடுத்து வாங்க வேண்டும்.

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இரண்டிலும் இது நடக்காது. அங்கே நிறுவனம் விற்கும் ஸ்கின் மட்டும்தான். 2023 ஆகஸ்டில் தோனியை 'தல' என்ற பெயரில் கதாபாத்திரமாக்கி 'ஃப்ரீ ஃபயர் இந்தியா'வை அறிவித்தார்களே (வெளியீடு தள்ளிப்போனது தனிக் கதை), அந்த மாதிரித் தோற்றங்களும் நிறுவனம் முடிவு செய்பவைதான். அதனால் இந்த கேம்களுக்கு 'கஸ்டம் ஸ்கின்' தருவதாகச் சொல்லும் ஆப், வெறும் படம் வரையும் விளையாட்டாக இருக்கும். இல்லையென்றால் கேமின் ஃபைலில் கைவைக்கும் 'ஸ்கின் டூல்' ஆக இருக்கும். ஃபைலில் கைவைத்து வரும் ஸ்கின் உங்கள் திரையில் மட்டும்தான் தெரியும், எதிராளிக்குத் தெரியாது. அகப்பட்டால் அக்கவுன்ட்டே நிரந்தரமாகப் போய்விடும். அதில் காசு போட்டு வாங்கிய நிஜ ஸ்கின்களும் சேர்ந்துதான் போகும்.

சரி, காசு வருமா?

ரோப்லாக்ஸை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கேதான் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. அமெரிக்க விலைப்படி மொபைல் ஆப்பில் 400 ரோபக்ஸின் விலை 4.99 டாலர். அப்படியானால் 10 ரோபக்ஸ் சட்டை ஒன்றுக்கு வாங்குபவர் கொடுப்பது சுமார் 12.5 சென்ட். அதில் 30% தளத்தின் கமிஷன். வரைந்தவருக்கு 7 ரோபக்ஸ் வரும். அதை நிஜப் பணமாக மாற்றும்போது வேறு ரேட்: 2025 செப்டம்பர் முதல் ஒரு ரோபக்ஸுக்கு 0.0038 டாலர் (அதற்கு முன் 0.0035). ஏழுக்குக் கணக்குப் போட்டால் 2.66 சென்ட்.

அதாவது வாங்கியவர் கொடுத்த நூறு ரூபாயில் வரைந்தவர் கைக்கு வருவது சுமார் 21 ரூபாய். கம்ப்யூட்டரிலோ கிஃப்ட் கார்டிலோ வாங்கினால் அதே 4.99 டாலருக்கு 500 ரோபக்ஸ் கிடைக்கும், அப்போது 27 ரூபாய். மீதி முழுவதும் ரோப்லாக்ஸுக்கு என்று சொல்வது நியாயமாக இருக்காது. ஆப் ஸ்டோர்கள் 30% வரை எடுக்கின்றன, சர்வர் செலவும் இருக்கிறது. ஆனாலும் விற்கும் ரேட் ஒன்று, திருப்பி வாங்கும் ரேட் இன்னொன்று என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இன்னொரு கதவும் இருக்கிறது. சம்பாதித்த ரோபக்ஸ் குறைந்தது 30,000 சேர்ந்தால்தான் பணமாக்க முடியும். 10 ரோபக்ஸ் சட்டை என்றால் 4,286 சட்டை விற்க வேண்டும். அப்போது கிடைப்பது 114 டாலர். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் சுமார் 10,000 ரூபாய். 4,285 சட்டையோடு நின்றுவிட்டால் பூஜ்யம்.

தாராவியில் சொந்தக்காரர் யாராவது ஜாப் ஒர்க் எடுத்துச் செய்திருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. பீஸ் ரேட்டை சேட் முடிவு செய்வார், லேபிள் வேறு யாருடையதோ. ஆனால் 90 அடி சாலைப் பக்கத்துக் காரிகருக்கு ஆர்டர் வந்த பிறகுதான் துணி வெட்டும் வேலை. இங்கே முதலில் கட்டணம் கட்டிச் சட்டையைத் தொங்கவிட்டு, ஆர்டருக்குக் காத்திருக்க வேண்டும். அந்த வகையில் இது ஜாப் ஒர்க்கை விட மோசம் என்பது என் கணிப்பு. வாடகையும் மெஷினும் வேண்டாம் என்பது மட்டும் லாபம்.

லாபம் வேறு இடத்தில் இருக்கலாம். தட்டையான படத்தை முப்பரிமாண உடம்பில் சுற்றுவதை அனிமேஷன், கேம் துறையில் டெக்ஸ்சரிங் என்பார்கள், அது சம்பளம் தரும் வேலை. பையனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் ஸ்கின் ஆப்போடு நிறுத்தாமல், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருள் பக்கம் தள்ளிவிடுங்கள்.

'காலா' ஸ்கின் போட்டு விற்கலாமா?

தாராவி என்றதும் கறுப்புச் சட்டை ரஜினிதான் பலருக்கும் ஞாபகம் வரும். தனக்காக வரைந்து போட்டுக்கொண்டால் யாரும் தேடி வரப்போவதில்லை. விற்றால் விஷயம் வேறு. 2015-இல் ரஜினியின் பெயரையும் தோற்றத்தையும் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், அவருடைய ஆளுமை உரிமையை ஏற்றுத் தடை விதித்தது சென்னை உயர் நீதிமன்றம். படத்தின் காப்புரிமை தயாரிப்பாளருக்கு என்பது தனி.

இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால்

2017 அக்டோபரில் சைமன்டெக் நிறுவனம் பிளே ஸ்டோரிலேயே எட்டு ஆப்களைக் கண்டுபிடித்தது. எல்லாமே மைன்கிராஃப்ட் கதாபாத்திரத்தின் தோற்றத்தை மாற்றித் தருவதாகச் சொன்னவை. பின்னணியில் 'சாக்பாட்' என்ற மால்வேர், போனையே விளம்பர மோசடிக்கான இடைத்தரகராக மாற்றும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நீக்கப்படுவதற்குள் 6 லட்சம் முதல் 26 லட்சம் வரையிலான போன்களில் அவை ஏறியிருந்தன. இறக்கியவர்களில் எத்தனை பேர் சிறுவர்களாக இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஒன்றை மட்டும் பாருங்கள்: படம் வரையும் ஆப்புக்கு கான்டாக்ட், லொகேஷன், எஸ்எம்எஸ் எதற்கு? கேட்டால் நீக்கிவிடுங்கள். கேமின் லாகின், பாஸ்வேர்டு கேட்டால் யோசிக்கவே வேண்டாம். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கைரேகையோ பாஸ்வேர்டோ கேட்கும்படி செட்டிங்கை மாற்றுங்கள்.

2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்தால் ஸ்கின் வாங்குவதே குற்றமாகிவிட்டதா என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. பணம் ஜெயிக்கலாம் என்று பணம் கட்டி ஆடும் கேம்களைத்தான் அது தடை செய்கிறது. ஆனால் 'பந்தயப் பொருள்' என்பதில் காசு கொடுத்து வாங்கிய மெய்நிகர் பொருள்களையும் சட்டம் சேர்த்திருக்கிறது. ஸ்கினை வைத்துப் பந்தயம் கட்டும் தளங்கள் அதில் மாட்டும்.

குழந்தைகளின் தரவைப் பொறுத்தவரை, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதாவது 2027 மே. அதுவரை பிறந்த வருஷம் கேட்கும் பெட்டியில் 1990 என்று பையன் போட்டாலும் பெரும்பாலான ஆப்கள் அப்படியே நம்பிவிடும்.