புது காரில் ‘சின்னப் பிரச்சனை’: “ஓட ஓட சரியாகிடும்” என்பதை நம்பலாமா?

ஒன்பது வருஷ லோன். முதல் மாதத் தவணைகூட இன்னும் கட்டவில்லை. அதற்குள் டேஷ்போர்டுக்குள் எங்கிருந்தோ ‘டக்டக்’ என்று ஒரு சத்தம். இல்லாவிட்டால், மழை பெய்த மறுநாள் பின் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாக இருக்கிறது. கார் என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது. சேல்ஸ்மேனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், “புது வண்டிதானே பாஸ், ஓட ஓட சரியாகிடும்” என்று பதில் வருகிறது.

நீங்களும் “சரி, பரவாயில்லை” என்று விட்டிருப்பீர்கள். அதற்குக் காரணமும் இருக்கும். லகாட் மாதிரி இடங்களில் கார் விற்பவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். மாமாவின் கூட்டாளி, கோயில் கமிட்டியில் இருப்பவர், அப்பாவோடு படித்தவர் என்று ஏதோ ஓர் உறவு. அவரிடம் போய் ஒரு சத்தத்துக்காகச் சண்டை போடவா முடியும்?

சண்டை போடத் தேவையில்லை. ஆனால் ‘சின்ன’ப் பழுது என்பதால் உங்களுக்கு உரிமை இல்லை என்று நினைத்தால் அது தவறு.

சட்டத்திலேயே இருக்கும் வார்த்தை

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 32-வது பிரிவைப் பாருங்கள். விற்கப்படும் பொருள் ‘ஏற்கத்தக்க தரத்தில்’ இருக்க வேண்டும் என்கிறது அது. அந்தத் தரம் என்றால் என்ன என்பதையும் அங்கேயே சொல்கிறது: எதற்காக வாங்கினோமோ அதற்குப் பயன்பட வேண்டும், தோற்றமும் வேலைப்பாடும் ஏற்கும்படி இருக்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும், சிறு குறைகள் இல்லாமல் இருக்க வேண்டும்.

‘சிறு குறைகள் இல்லாமல்’ என்பது சட்டத்திலேயே உள்ள வார்த்தை. எஞ்சின் வெடித்தால்தான் புகார் செய்யலாம் என்று எங்கேயும் இல்லை. விலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பது உண்மைதான். 40,000 ரிங்கிட் காரில் 4 லட்சம் ரிங்கிட் காரின் அமைதியை எதிர்பார்க்க முடியாது. ஆனால் எந்த விலைக் காராக இருந்தாலும் மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது.

இந்த உத்தரவாதம் தயாரிப்பாளர் தரும் வாரண்டியிலிருந்து வேறு. பெரோடுவாவும் புரோட்டோனும் பொதுவாக 5 வருஷம் அல்லது 150,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அது நிறுவனம் கொடுக்கும் வாக்குறுதி, அதற்கென்று நிபந்தனைகள் உண்டு. சட்டம் கொடுப்பது அதற்கும் மேலே. “இது வாரண்டியில் வராது” என்று கவுண்டரில் சொன்னாலும் பேச்சு அதோடு முடிந்துவிடாது.

ஒரே ஒரு பொறி இருக்கிறது. வாங்க ஒப்புக்கொள்வதற்கு முன்பே “இந்த இடத்தில் ஒரு கீறல் இருக்கு, அதான் டிஸ்கவுண்ட் தர்றோம்” என்று விற்பவர் சுட்டிக்காட்டியிருந்தால், அந்தக் கீறலை வைத்துப் பிறகு நீங்கள் புகார் செய்ய முடியாது. கார் எடுக்கும் நாளில் நீட்டப்படும் பாரத்தையும் இதே கவனத்தோடு பாருங்கள். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே அவசரமாகக் கையெழுத்துப் போட்டால், பிறகு கீறலைக் காட்டும்போது “இது நீங்கள் எடுத்த பிறகு வந்தது” என்பார்கள். பூஜைக்கு நல்ல நேரம் போகிறது என்று வீட்டில் அவசரப்படுத்தினாலும் ஒரு பத்து நிமிஷம் காரைச் சுற்றிப் பாருங்கள், வெளிச்சத்தில்.

பேசியது போதாது, எழுத வேண்டும்

பெரும்பாலான புகார்கள் தோற்பது இந்த இடத்தில்தான். அப்பா மூன்று தடவை சர்வீஸ் சென்டருக்குப் போய் வாயால் சொல்லியிருப்பார். அவர்களும் மரியாதையாகக் கேட்டு, காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஜாப் ஷீட்டில் ‘1,000 கிலோமீட்டர் சர்வீஸ்’ என்று மட்டும் இருக்கும். சத்தம் பற்றி ஒரு வரி கிடையாது. அல்லது ‘நோ அப்நார்மாலிட்டி ஃபவுண்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அதாவது, குறை எதுவும் தெரியவில்லை. அதற்குக் கீழே அப்பாவின் கையெழுத்து!

மலாயோ ஆங்கிலமோ தயங்காமல் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், உதவ வேண்டிய இடம் இதுதான். கார் உள்ளே போகும்போதே பழுதை உங்கள் வார்த்தையில் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘சத்தம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல், இடது பக்க டேஷ்போர்டில், சாலை கரடுமுரடாக இருக்கும்போது’ என்று இருக்க வேண்டும். சத்தம் மெக்கானிக் ஓட்டும்போது மட்டும் வராது என்பது எல்லா ஊரிலும் உள்ள சாபம். அதனால் பக்கத்தில் உட்கார்ந்தவர் போனில் வீடியோ எடுத்து வைக்கட்டும், ஓட்டுபவர் வேண்டாம். தேதி, மீட்டர் எண் இரண்டும் அதில் தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதையே ஒரு மின்னஞ்சலாக விற்பனையாளருக்கு அனுப்பிவிடுங்கள். கோபம் வேண்டாம், நாலு வரி போதும்.

தண்ணீர்க் கசிவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பார்வைக்குச் சின்னது, ஆனால் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர்களும் இணைப்புகளும் ஓடுகின்றன. ஈப்போ வட்டாரத்தின் மாலை மழையில் ரெண்டு மாதம் நனைந்தால் அது சின்னப் பழுதாக இருக்காது. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் விளக்கு சம்பந்தப்பட்ட எதுவும் ‘சின்ன’ கணக்கில் சேராது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

இன்னொன்று: பழுது இருக்கும்போது வெளிப் பட்டறையில் ஸ்பீக்கர், டேஷ்கேம், கூடுதல் விளக்கு என்று ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள். “அதனால்தான் இது வந்தது” என்று சொல்ல நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

மூன்று தடவை போயும் சரியாகவில்லை என்றால்?

சரிசெய்யக்கூடிய பழுதென்றால், முதலில் விற்பனையாளருக்கு நியாயமான அவகாசம் கொடுத்தாக வேண்டும். ஒரு ரப்பர் சரியில்லை என்பதற்காக முதல் நாளே “காரைத் திருப்பி எடுத்துக்கோ” என்று கேட்க முடியாது. மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ, செய்தும் சரியாகாவிட்டாலோ நிலைமை மாறுகிறது. வேறு இடத்தில் சரிசெய்து நியாயமான செலவைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது காரையே நிராகரிக்கலாம் என்கிறது 41-வது பிரிவு. நிராகரிக்கும் உரிமைக்கு ஒரு காலக்கெடு உண்டு. இத்தனை நாள் என்று எண்ணிக்கை இல்லை, ‘நியாயமான காலத்துக்குள்’ என்றுதான் இருக்கிறது. ரெண்டு வருஷம் ஓட்டிவிட்டுக் கேட்டால் நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நீதிமன்றங்கள் இதை ஏற்றுக்கொண்டதும் உண்டு. திரும்பத் திரும்பப் பழுதான ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் தொடர்பாக புஞ்சாக் நியாகா நிறுவனம் விற்பனையாளரான என்ஸெட் வீல்ஸ் மீது தொடுத்த வழக்கில், 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. ஆனால் அது வழக்கறிஞர்களை வைத்து வருஷக்கணக்கில் நடந்த வழக்கு. மைவி வாங்கியவருக்கு அது தோதுப்படாது.

இந்தக் குறையைத்தான் ‘லெமன் சட்டம்’ தீர்க்கும் என்கிறார்கள். நாம் புது காரின் சக்கரத்தில் எலுமிச்சை வைத்து நசுக்குவோம், அமெரிக்கர்கள் பழுதான காரையே எலுமிச்சை என்கிறார்கள்! அங்கே கனெக்டிகட் மாநிலம் 1982-இல் இப்படிச் சட்டம் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கே வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. மலேசியாவின் 1999 சட்டத்தில் அந்த வசதி கிடையாது, நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில். ஜாப் ஷீட் பற்றி மேலே இவ்வளவு நீட்டியது அதனால்தான்.

கோபத்தில் சிலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு: லோன் கட்டுவதை நிறுத்துவது. வேண்டவே வேண்டாம். பழுது விற்பனையாளரோடு, தவணை வங்கியோடு. தொடர்ந்து ரெண்டு மாதம் கட்டாவிட்டால் வாடகைக் கொள்முதல் சட்டப்படி வங்கி நோட்டீஸ் கொடுத்துக் காரை இழுக்கும் வேலையைத் தொடங்கலாம்.

அதற்குப் பதிலாகப் போக வேண்டிய இடம் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயம். உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், இணையத்திலேயே பதியலாம். வழக்கறிஞர் வைக்கக்கூடாது, இது கார் நிறுவனத்துக்கும் பொருந்தும். உரிமை கோரும் காரணம் எழுந்ததிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். கோரும் தொகை 50,000 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும். கார் விலை அதைவிட அதிகமென்றாலும், பழுதுபார்ப்புச் செலவு மாதிரி இழப்பீட்டை இந்த வரம்புக்குள் கேட்கலாம். மனுவில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: பழுதுபார்ப்பா, செலவுத் தொகையா, மாற்றுக் காரா. தமிழில் பேசி ஆலோசனை கேட்க வேண்டுமென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

தீர்ப்பாயத்தின் உத்தரவை விற்பனையாளர் 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால், அது குற்றம். அபராதமும் சிறைத் தண்டனையும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.