மீட்டெடுத்த படமும் பாடவேறுபாடும்

1971 அக்டோபரில் பிங்க் ஃபிளாய்டு குழுவினர் இத்தாலியின் பொம்பேய் நகரத்துத் தொன்மையான வட்டரங்கில், பார்வையாளர் எவருமின்றி இசைத்தனர். ஏட்ரியன் மேபன் இயக்கிய அப்படம் 1972இல் வெளிவந்தது. குழுவின் காப்பகத்தில், சரியான பெயர்ச்சீட்டு இல்லாத ஐந்து பெட்டிகளில் கிடைத்த 35 மி.மீ. நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் மீட்கப்பட்டு, 2025இல் அது மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது.

‘மீட்டெடுத்தல்’ என்னும் சொல், மாறாத ஒரே மூலம் இருந்ததென்று எண்ணச் செய்கிறது. இப்படத்துக்கோ பல பாடங்கள் உண்டு. 1974இன் பதிப்பில் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடக் காட்சிகள் சேர்ந்தன. 2003இல் இயக்குநரே விண்வெளி வரைகலையைச் செருகினார் (வேண்டாத வேலை). சுவடிப் பதிப்பாசிரியர் இத்தகைய வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டுவார். திரையில் அடிக்குறிப்புக்கு இடமில்லை.

‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ பாடலில் டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசனே பெரும்பாலும் தெரிகிறார். பிற சுருள்கள் தொலைந்துபோனமையே காரணம். செல்லரித்த ஏட்டின் இடைவெளி போன்றது அது. இன்றைய கணினிநுட்பத்தால் பொய்யாக நிரப்பாமல் விட்டது நன்று.

ஒலியில் அந்த அடக்கம் இல்லை. ஸ்டீவன் வில்சன் அதைப் புதிதாகக் கலந்திருக்கிறார். அவருடைய திறமையில் ஐயமில்லை. எனினும் புதிய கலவை 2025ஆம் ஆண்டின் செவி கேட்ட 1972. அது ஒலிக்கும் இடமெங்கும் பழைய கலவையும் உடன் கிடைக்க வேண்டும். எது எவருடைய கை என்பதும் படத்திலேயே எழுதப்பட வேண்டும்.